குழந்தை டாக்டரிடம் நாக்கை நீட்டிய கதை

என் நாக்கைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. சமையலில் குறை கண்டுபிடிக்கும் நாக்கைச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் என் மனைவி என்னை எப்போதோ வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் சொல்வது தொழில் நாக்கு. மரக்காணத்தில் முப்பது வருஷமாக உப்பளம் பார்க்கிறேன். பாத்தியில் தேங்கியிருக்கும் தண்ணீரில் சுண்டுவிரலை விட்டு நாக்கில் வைத்தால் போதும். உப்பு விழ இன்னும் எத்தனை நாள் ஆகும், எந்தப் பாத்தியில் கசப்பு ஏறிவிட்டது, எதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், எல்லாம் சொல்லிவிடுவேன். இதைப் பார்ப்பதற்கென்றே டிகிரி போட்ட ஒரு கண்ணாடிக் கருவி இருக்கிறது. என்னிடமும் ஒன்று உண்டு. கொட்டகையில் ஆணியில் தொங்கும். ஆபீஸர் யாராவது வந்தால் எடுத்துத் துடைத்துக் காட்டுவேன், அவ்வளவுதான் அதற்கு வேலை.

இந்த வருஷம் மாசி மாதம் அந்த நாக்கு என்னைக் கவிழ்த்துவிட்டது.

முதல் தடவை உப்பு வாரிக் குவித்து நாலு நாள் ஆகியிருக்கும். இருபது வருஷமாக என்னிடம் உப்பு எடுக்கும் திண்டிவனத்து வியாபாரி, பைக்கில் ஒரு பாலிதீன் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு காலையிலேயே வந்து நின்றார்.

“அண்ணே, இது உப்பா, பேதி மருந்தாண்ணே?”

“ஏம்பா, காலங்காத்தால வம்புக்கு வர்றியா?”

“நான் இன்னாத்துக்கு வம்புக்கு வர்றேன்? நீங்களே வாயில போட்டுப் பாருங்க.”

போட்டேன். கரிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை. பஞ்சை மென்றது போல இருந்தது. விட்டுக்கொடுப்பேனா? “நல்லாத்தானே இருக்குது” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலையிலேயே குடித்திருக்கிறேனா என்று சந்தேகப்பட்டார் போலிருக்கிறது. பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்காவை, எங்கள் உப்பளத்தில் எனக்கும் மூத்த வேலையாள் அவர், கூப்பிட்டுக் கொஞ்சம் கொடுத்தேன். வாயில் போட்ட மாத்திரத்தில் “தூ!” என்று துப்பினார். “கசக்குதுங்க. வடிக்காம வாரிட்டோம்.”

வடிக்க வேண்டாம், இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும் என்று தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னவன் நான்தான். உப்பு விழுந்த பிறகும் பழைய தண்ணீரைப் பாத்தியிலேயே விட்டுவைத்தால் கசப்பு உப்பில் ஏறிவிடும். நேற்று வேலைக்கு வந்தவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். வியாபாரி பெருந்தன்மையாக, “வயசாவுது இல்லண்ணே” என்று ஆறுதல் சொன்னார். அது கசந்தது. அதற்கு மட்டும் நாக்கு தேவைப்படவில்லை.

அவர் போனதும் என் பைக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வெள்ளை. இட்லி மாவைக் கரண்டியால் இழுத்துத் தடவினாற்போல் நாக்கு முழுக்க வெள்ளை. கன்னத்து உட்புறத்திலும் திட்டுத் திட்டாக இருந்தது. விரலால் தேய்த்தேன். லேசில் போகவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மகள் கல்யாணத்தோடு புகையிலையை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தேன். பொய். கொட்டகையில் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும். பக்கத்து உப்பளத்தில் என் வயதுக்காரர் ஒருவருக்குக் கன்னத்தில் இப்படித்தான் வெள்ளையாக ஏதோ வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி குடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பைக் கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வந்தது.

புத்தியுள்ளவன் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பான். நான் உப்பளக்காரன். மீனையே கருவாடாக்குகிற உப்புக்கு இந்த வெள்ளை எம்மாத்திரம் என்று முடிவு கட்டினேன். உப்பு விழும் பதத்தில் இருந்த பாத்தியில் ஒரு சொம்பு மொண்டு, அதைக் கொப்பளித்தேன். வீட்டில் வெந்நீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொப்பளிப்பார்களே, அந்த மாதிரி நினைத்துவிடாதீர்கள். இது வேறு ஜாதி. வாய் தீப்பிடித்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. வேலை செய்யும் அக்கா பார்த்துவிட்டு, “இன்னா மொதலாளி, அழுவுறீங்க?” என்றார். காற்றில் உப்பு என்றேன். தினமும் மூன்று வேளை இந்த வைத்தியம் நடந்தது. வெள்ளை அப்படியே இருந்தது. வாய் வெந்ததுதான் மிச்சம்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டில் ஒரு மாதக் குழந்தை.

மகளுக்கு முதல் பிரசவம். தை மாதம் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. நான் உப்பளம் முழுக்க ஜாங்கிரி கொடுத்தேன். எங்கள் உப்பளத்தோடு நிறுத்தாமல் பக்கத்து உப்பளத்துக்கும் போய்க் கொடுத்தேன். தினமும் மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைத் தொடை மேல் போட்டுக்கொள்வேன். மற்ற நேரமெல்லாம் நான் செத்த நேரம் என்று சொன்னால் மிகை இல்லை. நெற்றியில் முத்தம், கன்னத்தில் முத்தம். யாரும் பார்க்காதபோது அந்தச் சின்ன உதட்டிலும் ஒன்று. “அப்பா, மீசை குத்தப்போவுதுப்பா” என்று மகள் அடுப்படியிலிருந்தே கத்துவாள். எப்படித்தான் தெரியுமோ.

கண்ணாடியில் என் நாக்கைப் பார்த்த பிறகும் இது நின்றபாடில்லை. பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், குழந்தை என் மடியில் கொட்டாவி விட்டாள். நாக்கில் வெள்ளை. உதட்டின் உள்பக்கத்திலும் வெள்ளை.

என் உயிர் என்னிடம் இல்லை. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றேன். என் வாயில் இருந்தது அவள் வாய்க்குப் போய்விட்டது. முத்தம் கொடுத்துக் கொடுத்து நான்தான் ஏற்றிவிட்டேன். கேன்சர் ஒட்டுமா என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. பயந்தவன் எங்கே யோசிக்கிறான்? இனி அந்தக் குழந்தையைத் தொடுவதில்லை என்று வாசலிலேயே தீர்மானம் செய்தேன்.

உள்ளே பெண்கள் வேறு வைத்தியத்தில் இருந்தார்கள். பால் படிந்திருக்கிறது என்று என் மனைவி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். பாலாக இருந்தால் வந்திருக்கும். இது வரவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் அந்த இடம் சிவந்து புள்ளியாக ரத்தம் எட்டிப் பார்த்தது, குழந்தை வீறிட்டது. எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்து, “இது அக்கரம், கொழந்தைங்களுக்கு வர்ற வாய்ப்புண். நாட்டுமருந்துக் கடை வெங்காரத்தப் பொரிச்சி தேன்ல குழைச்சித் தடவுங்க, போயிடும்” என்று ஒரு கிண்ணத்தில் கையோடு கொண்டுவந்துவிட்டார். மகள் கிண்ணத்தை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதையும், தேன் உட்பட, வாயில் வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தது அவளுக்கு வேதம். மேல்தட்டு அவளைத் தவிர எங்கள் யாருக்கும் எட்டாது. தானாகப் போய்விடும் என்று காத்திருந்தார்கள்.

போகவில்லை. குழந்தை பால் குடிக்க வாயை வைப்பாள், இழுப்பாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். மகளுக்கும் வலி. “பால் குடுக்கும்போது கண்ணாடித் துண்டு வெச்சி அறுக்கிற மாதிரி இருக்குதாம்” என்று மனைவி என்னிடம் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு உப்பளத்துக்குப் போய்விட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

காலையில் சீக்கிரம் கிளம்பினேன், சாயங்காலம் தாமதமாக வந்தேன். மகள் குழந்தையை நீட்டினால், “கை ஈரம்”, “மேலெல்லாம் உப்பு”, “தோ வர்றேன்” என்று ஏதாவது சொல்லி நழுவினேன். குளித்துவிட்டு வந்து நின்றவன் மேலெல்லாம் உப்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தட்டில் சோறும் அப்படியே இருந்தது. காரம் பட்டால் வாய் எரிந்தது.

ஒரு நாள் குளித்துவிட்டு வெளியே வரும்போது அடுப்படியில் மகளின் குரல் கேட்டது.

“அப்பாவுக்கு பேரன்தான் வேணும்னு இருந்திருக்கும்மா. ஊருக்கெல்லாம் ஜாங்கிரி குடுத்தாரு. வீட்ல மூஞ்சியத் திருப்பிக்கிறாரு.”

“சீ, உங்கப்பா அந்த மாதிரி ஆளு இல்லடி.”

“அப்போ ஏன் தூக்க மாட்டேங்கிறாரு? நான் கைய நீட்டினா பின்னாடி போறாரும்மா. குழந்தைக்கு உடம்பு சரியில்ல, இன்னான்னுகூட கேக்கல.”

துண்டோடு அங்கேயே நின்றேன். பெண் பிறந்தது பிடிக்காதவன் என்று என் மகள் என்னை நினைக்கிறாள். எனக்கு ஒரே பிள்ளை அவள். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து உப்பளமெல்லாம் சுற்றிக் காட்டி வளர்த்த பிள்ளை. நாலு எட்டு வைத்து உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? எனக்கு வாயில் கேன்சர், உன் குழந்தைக்கும் கொடுத்துவிட்டேன் என்றா? அதற்கு, பேத்தி பிடிக்காத கிழவன் என்ற பெயரே பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

ரெண்டு வாரம் போனது. முதல் பிரசவத்துக்கு வந்த பெண்ணை ஐந்தாம் மாதம் சீரோடு அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். மகள் ரெண்டு மாதம்கூட முடியாமல் கிளியனூரில் இருக்கும் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பாண்டிச்சேரியில் குழந்தை டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே போய்விடுவதாக ஏற்பாடு. மருமகன் காரோடு வந்தார். ரெண்டு பெட்டி, ஒரு தூளிச் சேலை, குழந்தையைக் குளிப்பாட்டும் பேசின், எல்லாம் வண்டியில் ஏறியது. என் மனைவி என்னைத் தனியாக இழுத்து, “நீங்களும் கூடப் போங்க. டாக்டர்ட்ட காட்டிட்டு பஸ்ல வந்துடுங்க. மருமவன் எதிர்ல ஒரு மரியாதையாவது இருக்கட்டும்” என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பாண்டிச்சேரி வரை காரில் குழந்தையின் சிணுங்கலைத் தவிர வேறு பேச்சில்லை.

குழந்தை டாக்டரின் அறைச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். உட்காரச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் கதவோரம் ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே நின்றுகொண்டேன். டாக்டர் அம்மா சின்ன உருவம், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். குழந்தையின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தார். துணியைப் பிரித்து அடியிலும் பார்த்தார். அங்கேயும் சிவந்திருந்தது. பிறகு மகளிடம் திரும்பினார்.

“உங்களுக்கு மார்ல வலி இருக்குதா? காம்பு செவந்து, பளபளன்னு, அரிப்பு, எரிச்சல்?”

மகள் ஆச்சரியப்பட்டு, “ஆமா மேடம், எப்படித் தெரியும்?” என்றாள்.

“இது பூஞ்சை. இங்கிலீஷ்ல த்ரஷ்னு சொல்லுவோம். பயப்படவே வேணாம். இந்தக் கிருமி எல்லார் வாயிலயும் கொஞ்சம் இருக்கும், சும்மா கிடக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களுக்கு ஆன்டிபயாடிக் குடுத்திருப்பாங்க. அது கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் கொல்லும். அப்போ இது தலைதூக்கும். பச்சைக் குழந்தைங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, சுலபமா வந்துடும். குழந்தை வாயிலேர்ந்து உங்க மாருக்கு, உங்க மார்லேர்ந்து குழந்தை வாய்க்குன்னு போய்க்கினே இருக்கும். அதனால ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மருந்து. பால நிறுத்தாதீங்க.”

மருந்துச்சீட்டை எழுதிக்கொண்டே சொல்லிக்கொண்டுபோனார். சொட்டு மருந்தைப் பால் குடித்த பிறகு நாக்கிலும் கன்னத்து உள்பக்கமும் தடவ வேண்டும், தினம் நாலு வேளை. வெள்ளை போய்விட்டது என்று உடனே நிறுத்தக் கூடாது, இன்னும் சில நாள் போட வேண்டும். அம்மாவுக்கு மாரில் தடவ க்ரீம். வெங்காரம், தேன் எதுவும் ஆகாது. சுரண்டக் கூடாது. ஒரு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, சுத்தமாகப் பால் குடிக்கவில்லை என்றாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

இவ்வளவும் என் காதில் எங்கோ தூரத்தில் விழுந்தது. நான் அவர் முதலில் சொன்ன ஒரு வரியிலேயே நின்றுபோயிருந்தேன். எல்லார் வாயிலும் இருக்கும், சும்மா கிடக்கும். என் வாய் என்னையும் மீறித் திறந்துகொண்டது.

“அப்போ நான் முத்தம் குடுத்ததால இல்லீங்களா?”

டாக்டர், மகள், மருமகன், மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையையும் சேர்த்தால் நாலு.

“முத்தமா?” என்றார் டாக்டர்.

“எனக்கும் இருக்குதுங்க. நாக்குல. மூணு வாரத்துக்கு மேல ஆவுது. கேன்சர்னு நெனச்சேன். கொழந்தைக்கு வந்ததும் என்னாலதான்னு...”

டாக்டர் அம்மா எழுந்து வந்தார். “நான் குழந்தைங்க டாக்டர், தெரியுமில்ல? பரவால்ல. உக்காருங்க தாத்தா. ஆ காட்டுங்க.” அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே உட்கார்ந்து நாக்கை நீட்டினேன். மருமகன் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

டாக்டர் பஞ்சுத்துணியை விரலில் சுற்றி என் நாக்கில் அழுத்தித் துடைத்தார். வெள்ளை துணியோடு வந்தது. அடியில் சிவப்பு.

“பாருங்க, துடைச்சா வருது. புகையிலையால வர்ற வெள்ளைத் திட்டு இப்படித் துடைச்சா வராது. பாத்தா உங்களுக்கும் பூஞ்சைதான். குழந்தைக்கு வர்றதுக்கு உங்க முத்தமே வேணாம், தானாவே வரும். பல்செட் மாட்றீங்களா?”

“இல்லீங்க, எல்லாம் ஒரிஜினல்.”

“சுகர் இருக்குதா?”

“பாத்ததில்லீங்க.”

“பம்பு ஏதாச்சும் இழுக்கிறீங்களா, மூச்சுக்கு?”

இழுக்கிறேன். ஒரு வருஷமாக. உப்பளக் காற்றில் இளைப்பு வருகிறது என்று காலையில் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. கொட்டகையில்தான் வைத்திருக்கிறேன்.

“இழுத்ததும் வாய் கொப்பளிச்சித் துப்புறீங்களா?”

இல்லை. பம்பு எழுதிக்கொடுத்த டாக்டரும் அன்றைக்கு இதைத்தான் சொல்லியிருந்தார், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்று. ஆனால் உப்பளத்துக்கு நல்ல தண்ணீர் கேனில்தான் போகிறது. வெயிலில் வாருகிறவர்களுக்குக் குடிக்கவே அது பற்றாது. அதில் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் தரையில் துப்ப எங்கள் ஊரில் எவனுக்கும் மனசு வராது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், என் வாயில் ஒரு வருஷ மருந்து. அந்த மருந்து வாயிலேயே தங்கி, பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறது. பிறகு நாக்கு வெள்ளையாகி, அதற்கு உப்புத் தண்ணீர் வைத்தியம். அதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“பாத்தித் தண்ணியா?” டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வாயி என்னா கருவாடா தாத்தா?”

மகள் அதுவரை குழந்தையை மாரோடு அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். நல்ல குத்து. அழுகையும் சிரிப்புமாக, “இதச் சொல்றதுக்கு இன்னாப்பா? நான் இன்னான்னெல்லாம் நெனச்சிட்டேன் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்மா. அடுப்படில பேசினது கேட்டுது.”

“கேட்டுமா சும்மா இருந்தீங்க?”

ஆமாம், சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களுக்கு வரிசை போட்டால் இதுதான் முன்னால் நிற்கும்.

மருந்து வேலை செய்த விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் இருந்த பெரியவர்கள் டாக்டரிடம் என்னை அனுப்பினார்கள். அவரும் பார்த்து, பூஞ்சைதான் என்றார். ரத்தம் எடுத்ததில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. பம்புக்கு ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்தார், அதை மாட்டி இழுத்தால் மருந்து வாயில் தங்காமல் நெஞ்சுக்குப் போகுமாம். எனக்கும் வாயில் விட ஒரு மருந்து. ரெண்டு வாரத்தில் போகவில்லை என்றால் கட்டாயம் திரும்ப வர வேண்டும், புகையிலை போட்ட வாயை விளையாட்டாக விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். புகையிலை என்ற சொல் வந்ததும் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பொட்டலம் மறுநாளே குப்பைக்குப் போனது. குழந்தைக்கு நாலைந்து நாளில் வாய் வெளுப்பு மறைந்தது. எனக்குப் பத்து நாள் ஆனது. இப்போது உப்பளத்தில் எனக்கென்று தனியாக ஒரு கேன் நல்ல தண்ணீர் வைத்திருக்கிறார்கள். நான் கொப்பளித்துத் துப்பும்போதெல்லாம் வேலை செய்யும் அக்கா வாயில் கை வைத்துப் பார்ப்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. அன்றைக்குக் காரில் நடந்ததை.

மருந்துக் கடையில் எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். முன்சீட்டில் ஏறப் போன என்னை மகள் பின்னால் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஊரைத் தாண்டும் இடத்தில் மருமகன் வண்டியை மெதுவாக்கி, “எந்தப் பக்கம் போவட்டும்?” என்று கேட்டார். கிளியனூர் போக வேண்டுமானால் திண்டிவனம் ரோடு. மரக்காணத்துக்கு ஈசிஆர், கடற்கரை ரோடு. முடிந்துவிட்ட ஏற்பாட்டை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியில் அவர் பார்த்தது என்னை இல்லை, மகளை. நல்ல பிள்ளை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

“ஈசிஆர்லயே போங்க” என்றாள். “அஞ்சாம் மாசம் வந்து கூட்டிக்கினு போங்க. யாராச்சும் இவருக்கு நாலு வேளை மருந்து ஊத்தணும் இல்ல. அம்மாவ ஏமாத்திடுவாரு.”

பிறகு பேச்சோடு பேச்சாக, குழந்தையைத் தூக்கி என் தொடை மேல் போட்டாள்.

ரெண்டு வாரத்தில் கனம் கூடியிருந்தது. கழுத்து கொஞ்சம் நின்றிருந்தது. நான் முத்தம் கொடுக்கவில்லை, வாய் சரியாகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள். கீழ்புத்துப்பட்டு நெருங்கும்போது, அந்த வெள்ளை படிந்த சின்ன வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு விரிந்தது. கண்ணும் சேர்ந்து சுருங்கியது.

“சிரிக்கிறா!” என்று கத்திவிட்டேன். “வண்டிய நிறுத்துங்க, சிரிக்கிறா!”

மருமகன் பதறி பிரேக்கில் காலை வைத்தார். யாரும் என்னளவு ஆச்சரியப்படவில்லை. மகள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பத்து நாளா சிரிக்கிறாப்பா” என்றாள். “முகத்தப் பாத்தா சிரிக்கிறா. நீங்கதான் பாக்கல.”

பத்து நாள். என் மனைவியைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கூடச் சிரித்திருக்கலாம். நான் அதே வீட்டில் இருந்தேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளைக் கடந்து போனேன், வந்தேன். எனக்கு அழுகை வந்தது. இந்த முறை காற்றில் உப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை. மகள் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிவிட்டு, “சரி சரி, இப்பப் பாருங்க” என்றாள்.

கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணம் வரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டினேன், புருவத்தை ஏற்றி இறக்கினேன், மருமகன் எதிரில் எதெல்லாம் செய்யக் கூடாதோ அதெல்லாம் செய்தேன். வீடு வருவதற்குள் அவள் ஏழு தடவை சிரித்தாள்.